மேற்படி சேவலை வெட்ட இயலாது

சாங்வி, புனே
ஆடி அமாவாசை கழிந்த ஞாயிறு

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

தங்கள் மருமகன் முகுந்த் வணங்கி எழுதுவது. அத்தைக்கு முழங்கால் வலி தேவலையா? பல்லடத்தில் மழை உண்டா? பண்ணையில் கோழிகள், தென்னைகள், காவ்யா எல்லோரும் சௌக்கியம்தானே? இங்கே நான் நலம். அம்மா நலம். அப்பா நலம்.

அப்பா காலமாகி மூன்று வருடம் ஆகிறது என்பது உங்களுக்குத் தெரியும். கல்யாணப் பத்திரிகையில் ‘தெய்வத்திரு மயில்சாமி’ என்று போட்டிருந்ததில் எழுத்துப் பிழை கண்டுபிடித்தவரே நீங்கள்தான். எனக்கும் தெரியும். அம்மாவுக்குத்தான் போன வியாழக்கிழமையிலிருந்து தெரியவில்லை. அந்த அதிர்ச்சியிலிருந்து நான் இன்னும் வெளியே வரவில்லை. போனில் சொல்லலாம் என்றால் நீங்கள் “கோழிக்குத் தீனி வெச்சீங்களா மாப்ள?” என்று கேட்டுவிட்டு, பதில் வருமுன் வைத்துவிடுகிறீர்கள். வாட்ஸ்ஆப்பில் எழுதினால் படிக்காமலே கட்டைவிரலைக் காட்டுகிறீர்கள். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். காகிதத்தை மடித்து வைத்தாலும் அது பேசிக்கொண்டே இருக்கும்.

விஷயத்துக்கு நேராக வருகிறேன். ஆடி பிறந்து காவ்யாவை உங்கள் ஊருக்கு ரயிலேற்றிவிட்ட அன்று நீங்கள் போனில் என்ன சொன்னீர்கள்? “ஏனுங் மாப்ள, வீடியோவுல பார்த்தேன், ஒரு துளசிச் செடியக்கூடக் கருக உட்டிருக்கறீங்க. உசுரோட ஒண்ணைக் காப்பாத்தத் தெரியாதவருகிட்டப் பொண்ணை உட்டுப்போட்டு நான் எப்படிங் தூங்கறது? ஆடி முடிஞ்சு நான் கூட்டியாரப்போ, உங்க கையில வளர்ந்த சேவலை அடிச்சு உங்க ஊட்டுல எனக்குக் குழம்பு ஊத்தோணும். இல்லீன்னா தை பொறக்கட்டும், பார்க்கலாம்” என்றீர்கள். துளசி கருகவில்லை, அழுகியது. நான் வைத்த தானியங்கிச் சொட்டுநீர் வால்வு மூட மறுத்துவிட்டது. இரண்டும் வேறு வேறு கோளாறு. அது இருக்கட்டும். நீங்கள் கேட்ட சேவலை வெட்ட முடியாது. அதற்காகக் காவ்யாவைத் தை வரைக்கும் நிறுத்தி வைப்பதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இந்த இரண்டும்தான் செய்தி. மற்றதெல்லாம் காரணம்.

எங்கள் தொழிற்சாலையில் ஒரு பாகம் பழுதாகிப்போனால் ‘ஏன்’ என்று ஐந்து தடவை கேட்டு ஆணிவேரைப் பிடிப்போம். இங்கே ஆணிவேர் நீங்கள். எல்லோரும் சீரில் பீரோவும் கட்டிலும் கொடுப்பார்கள். நீங்கள் பீரோ, கட்டிலோடு ஒன்றரை மாதப் பெருவிடைக் கோழிக் குஞ்சுகளையும் ஓர் அட்டைப்பெட்டியில் போட்டுக் கொடுத்தீர்கள். “முட்டைக்கு முட்டையுமாச்சு, கறிக்குக் கறியுமாச்சு, கடைக் கோழியத் தின்னு உடம்பைக் கெடுத்துக்காதீங்க” என்றீர்கள். ரயிலில் டிக்கெட் பரிசோதகர் பெட்டி ஏன் கத்துகிறது என்று கேட்டபோது காவ்யா முகம் மாறாமல் “ரிங்டோன்” என்றாள். அன்றைக்குத்தான் அவளை எனக்கு முழுசாகப் பிடித்துப்போனது என்பதையும் இங்கேயே எழுதிவிடுகிறேன், பிறகு இடம் இருக்காது. இவற்றில் எது சேவல், எது பெட்டை என்று நான் கேட்டதற்கு நீங்கள் “போகப் போகத் தெரியுமுங்க” என்றீர்கள். போகப் போக என்பது ஓர் அளவா மாமா? முட்டைக்கு உள்ளதற்கு ஒரு தீவனம், கறிக்கு உள்ளதற்கு வேறு தீவனம் என்று கடைக்காரன் சொல்கிறான். போகப் போகத் தெரிந்தால் எந்தத் தீவனத்தை எதற்குப் போடுவது? எனக்குப் பொறுமை கிடையாது. இணையத்திலிருந்து சேவல் படங்களையும் கோழிப் படங்களையும் திரட்டிக் கணினிக்குப் பழக்கி, கூண்டின் மேல் ஒரு கேமராவைக் கட்டி, குஞ்சுகளை ஒவ்வொன்றாக அதன் முன்னால் நிறுத்தினேன். அது தயங்காமல் பிரித்துக் கொடுத்தது. இந்தப் பக்கம் முட்டைப் பிரிவு, அந்தப் பக்கம் கறிப் பிரிவு. துல்லியம் தொண்ணூற்றேழு சதவீதம். பெருவிடை இனத்தில் பெட்டையும் பயில்வான் மாதிரி நிற்கும் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

முட்டைப் பிரிவில் ஒன்று கூவியது. சரி, மிச்சமுள்ள மூன்று சதவீதம் இதுதான் என்று அதைப் பிம்ப்ரியில் இருக்கும் என் நண்பன் ராம்கியிடம் கொடுத்தேன். ‘சுவை நன்று’ என்று தகவல் அனுப்பினான். கறிப் பிரிவில் இருந்தவற்றைப் பூனை ஒவ்வொன்றாகக் கொண்டுபோனது. கதவுக்கு வெளிச்சமானி வைத்திருந்தேன். இருட்டினால் மூடும், வெளுத்தால் திறக்கும். புனே மழைக்காலத்தில் மேகம் வந்தால் மூடி, மேகம் போனால் திறந்து, பூனைக்கு வரவேற்பு வாசல் ஆகிவிட்டது. கடைசியில் மிஞ்சியது ஒன்று. அதற்கும் வாலைப் பூனை பிடுங்கிவிட்டது. ஆனால் என்ன உடம்பு மாமா! கழுத்தை நிமிர்த்தினால் என் முட்டி உயரம். முட்டைப் பிரிவுப் பெட்டைகள் எல்லாம் அதற்கு வழிவிட்டுத்தான் தண்ணீர் குடிக்கும். கூவவும் செய்யும். காலை பத்து மணிக்குக் கூவும். ஜெனரல் ஷிப்ட் சேவல் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இதுதான் உங்கள் குழம்புக்கு என்று குறித்தும் வைத்தேன்.

இனி வீட்டுக்காரர் ஷிந்தே. மாடியில் குடியிருக்கிறார், நல்ல மனிதர், பெரிய மீசை. பின்கட்டில் கோழி வளர்க்கிறேன் என்றபோது அவர் போட்ட ஒரே நிபந்தனை, “கட்டாரிக்கு ஒரு முர்கா எனக்கு.” முர்கா என்றால் சேவல். கட்டாரி என்றால் மராத்திக்காரர்களுக்கு ஷ்ராவண் விரத மாதம் பிறக்க முந்தின நாள். மறுநாள் முதல் ஒரு மாதம் கறி கிடையாது, மது கிடையாது. அதனால் அந்த மாதத்துக்குத் தேவையான இரண்டையும் அன்றைக்கே உள்ளே ஏற்றிக்கொள்வார்கள். கூண்டு நிறையக் குஞ்சு இருந்த தைரியத்தில் சரி என்றேன். கட்டாரியை ஒரு டெலிவரி தேதியாகத்தான் பார்த்தேன். அது ஓர் அமாவாசை, அதே அமாவாசைதான் நமக்கு ஆடி அமாவாசை என்பது எனக்கு உறைக்கவே இல்லை. ஒரே வானம், ஒரே நாள். மாடியில் இருப்பவர்களுக்கு வருஷத்திலேயே பெரிய கறி விருந்து. கீழே இருப்பவர்களுக்கு வெங்காயம்கூடக் கிடையாது.

காவ்யா இல்லாததால் எனக்குச் சமைத்துப்போட வந்த அம்மா அன்று விடியலிலேயே குளித்து, அப்பாவுக்குப் பிடித்த உளுந்து வடை, வாழைக்காய்ப் பொரியல், பூசணிக் கூட்டு, பாயசம் எல்லாம் செய்து, தலைவாழை இலையில் படைத்துக் கும்பிட்டார். அதன் பிறகு ஒரு துண்டு இலையில் எல்லாவற்றையும் வைத்துப் பின்கட்டுச் சுவரின் மேல் வைத்து, “கா... கா...” என்று கூப்பிட்டார். காக்கை வரவில்லை. மறுபடி கூப்பிட்டார். ஒரு சிறகு கிடையாது. சாதாரண நாளில் சாங்வியில் நான் டிபன் டப்பாவைத் திறந்தால் ஏழெட்டுக் காக்கை வந்து விசாரிக்கும். அன்றைக்கு எங்கே போய்விட்டன என்று தெருமுனைக்குப் போய்ப் பார்த்தேன். கறிக்கடை வாசலில் மனிதர் வரிசை ரோட்டைத் தாண்டி நின்றது. அதற்கு மேலே மின்கம்பியில் காக்கை வரிசை. சாங்வியின் மொத்தக் காக்கையும் அங்கே குடலுக்குக் காத்திருக்கும்போது, வாழைக்காய்ப் பொரியலுக்கு எது வரும்?

“உன்ற அப்பனுக்கு என் மேல என்னமோ கோவம்டா” என்று அம்மா படியில் உட்கார்ந்துவிட்டார். காக்கை எடுக்காமல் நாங்கள் சாப்பிடவும் முடியாது. “அம்மா, காக்காய்க்கு இன்னிக்கு வேற இடத்துல பந்தி” என்று நிலவரத்தை விளக்கினேன். “வாயை மூடுறா” என்றார். அந்த நேரத்தில் மேகம் விலகியது. வெளிச்சமானி தன் கடமையைச் செய்தது. கதவு திறந்து, வாலில்லாத அந்தப் பயில்வான் வெளியே வந்து, முற்றத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, ஒரே தாவில் சுவரின் மேல் ஏறியது. இலையைப் பார்த்தது. வாழைக்காயை மூக்கால் ஒதுக்கியது. பூசணிக் கூட்டை மிதித்தது. வடையை மட்டும் எடுத்துத் தின்றது. தின்று முடித்து, தொண்டையைச் செருமுகிற மாதிரி ஒரு சத்தம் போட்டது. மணி பத்து ஆகியிருக்க வேண்டும், நிமிர்ந்து கூவியது.

அம்மா கரண்டியைக் கீழே வைத்தார். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்து நின்றார். “வந்துட்டீங்களா?” என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. யாரோ கேட்டைத் திறந்து வந்துவிட்டார்கள் என்று திரும்பிப் பார்த்தேன்.

“அங்க எங்கீடா பார்க்கறே? உன்ற அப்பன்டா. பாரு, பொரியலை அக்கட்டால தள்ளிப்போட்டு வடையத் தின்னதை! ரிட்டயர் ஆனதுக்கப்புறம் பத்து மணிக்குத்தானே எந்திரிப்பாரு? அந்தச் செருமலைப் பார்த்தியா?”

“அம்மா, அது சேவல்.”

“இருந்துட்டுப் போகட்டும். காக்காவா வந்தாத்தான் அப்பனா? உன்ற ஊட்டைத் தேடி வந்திருக்கறாரு, வான்னு ஒரு வார்த்தை சொல்லத் தெரியுதா?”

அம்மா கோயமுத்தூர் டவுனில் பிறந்து வளர்ந்தவர். கோழி என்றால் கடையில் தோலுரித்துத் தொங்குவது என்ற அளவில்தான் பழக்கம். அவரிடம் உயிரியல் பேசிப் பயனில்லை. நான் வாயைத் திறக்குமுன் ஷிந்தே இரண்டு நண்பர்களோடும் ஒரு பெரிய கத்தியோடும் மாடிப்படி இறங்கி வந்துவிட்டார். அவருக்குக் கடைக் கோழி ஒன்றை வாங்கிக் கொடுத்துச் சமாளிக்கலாம் என்ற என் திட்டம் அந்தக் கடை வரிசையைப் பார்த்தபோதே செத்துப்போயிருந்தது. “க்யா முகுந்த், முர்கா தயார்?” என்று சுவரைப் பார்த்துச் சிரித்தார். கையை நீட்டினார். அம்மா குறுக்கே போய் நின்றார். வந்த சில நாட்களில் காய்கறிக்காரியிடம் கற்ற மொத்த ஹிந்தியையும் திரட்டிக் கத்தினார்: “நஹி! யே மேரா ஆத்மி ஹை!”

இது என் புருஷன் என்று அர்த்தம். அப்பழுக்கில்லாத ஹிந்தி. ஷிந்தே கத்தியைத் தாழ்த்தி என்னைப் பார்த்தார். நண்பர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். காலையிலேயே ஆரம்பித்திருக்கக் கூடாது என்று நினைத்திருப்பார்கள். நான் வெட்கத்தைவிட்டு விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரித்திருந்தால் இந்தக் கடிதமே இல்லை. ஷிந்தே சுவரையும் இலையையும் மாறி மாறிப் பார்த்தார். கத்தியை நண்பரிடம் கொடுத்தார். செருப்பைக் கழற்றினார். “எங்க அப்பாவுக்கு வைத்த பிண்டத்தைக் காக்கை தொடவே இல்லை, முகுந்த். மத்தியானம் வரை ஆற்றங்கரையில் நின்றோம். என்ன குறை வைத்தோம் என்று இன்றைக்கும் தெரியாது. உங்க அம்மா கொடுத்து வைத்தவர்” என்று ஹிந்தியில் சொல்லி, அந்தச் சேவலைக் கையெடுத்துக் கும்பிட்டார். பத்தாவது வகுப்பிலிருந்து அறிவியல் படித்தவன் நான் ஒருவன்தான் அந்த முற்றத்தில் செருப்போடு நின்றுகொண்டிருந்தேன். அம்மா முறைத்தார். கழற்றினேன்.

இதில் உச்சம் என்னவென்றால், அன்று ஷிந்தே வீட்டு விருந்தில் மது பாட்டில் எல்லாம் பின்பக்க வராந்தாவிலிருந்து மொட்டைமாடிக்குப் போய்விட்டது. பெரியவர் கண்ணில் படக் கூடாதாம்.

இப்போது நிலைமை வருமாறு. சேவல் கூண்டில் இல்லை, கூடத்தில் இருக்கிறது. மூலையில் பழைய பேப்பர் கட்டு இருக்கிறதல்லவா, முந்தாநாளிலிருந்து அதன் மேல் ஏறி உட்கார்ந்தால் எழுந்திருப்பதே இல்லை. “பேப்பரை எடுத்தா உன்ற அப்பன் என்னிக்கு எந்திரிச்சிருக்காரு?” என்கிறார் அம்மா. யாராவது கிட்டே போனால் உடம்பைப் புசுபுசுவென்று உப்பிக்கொண்டு உறுமுகிறது. அதற்கும் அப்பாவிடம் முன்னுதாரணம் இருக்கிறது. வருமான வரிக் காகிதங்களை எடுத்தால் அப்பா அப்படித்தான் உறுமுவார் என்பதை நானே ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. என் கேமராவில் விழுந்த எந்தத் தரவும் அம்மாவின் முடிவுக்கு எதிராக இல்லை மாமா. அதுதான் பயமாக இருக்கிறது.

நீங்கள் கேட்பீர்கள், ஏன் அம்மா தூங்கும்போது காரியத்தை முடிக்கக் கூடாது என்று. நானும் நினைத்தேன். மறைக்கவில்லை. வெள்ளிக்கிழமை அதற்காகவே சீக்கிரம் வீட்டுக்கு வந்தேன். அம்மா அடுக்களைப் படியில் உட்கார்ந்து அரிசி பொறுக்கிக்கொண்டு அதனிடம் பேசிக்கொண்டிருந்தார். அப்பா போனதிலிருந்து அம்மா என்னிடம் “சாப்பிட்டியா”, “கேஸை மூடுனியா” தவிர மூன்றாவது வாக்கியம் பேசியதில்லை. அன்று பேசிக்கொண்டே இருந்தார். “மோட்டாரை மாத்துங்கன்னு சொன்னனா இல்லியா? கேட்டீங்களா? உங்க தம்பி வந்து அந்தப் பேச்சுப் பேசுனப்போ வாயத் தொறந்தீங்களா?” என்று ஒவ்வொன்றாகப் போனது. கடைசியில் குரலைத் தாழ்த்தி, “நெஞ்சு அடைக்குதுன்னதும் ஆசுபத்திரிக்குப் போலாமுங்கன்னேன். விடியட்டும்னீங்க. விடிஞ்சுது. அப்புறம்?” என்றார். அது தலையைச் சாய்த்து ‘கொக்’ என்றது. அம்மா மூக்கைச் சிந்தி, “செரி போங்க, போச்சாது” என்று ஒரு கை அரிசியை அள்ளிப் போட்டார். அன்று ராத்திரி இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார். நான் கத்தியைத் திருப்பி வைத்துவிட்டேன்.

என்னிடம் இதற்கு ஒரு தீர்வும் இல்லை. கடைக் கோழியை அடித்து வீட்டுச் சேவல் என்று உங்களுக்குப் பரிமாறலாம். எலும்பைக் கடித்ததும் நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள். ஆகவே நேராகவே சொல்கிறேன். உயிரோடு ஒன்றைக் காப்பாற்றத் தெரியாதவன் என்றீர்கள். இப்போது காப்பாற்றுகிறேன், உங்களிடமிருந்தே. ஆடி முடிந்ததும் காவ்யாவை அழைத்து வாருங்கள். முட்டைப் பிரிவு ஒழுங்காக இடுகிறது, முட்டைக் குழம்பு வைக்கிறேன், கொள்ளுப் பருப்பு கடைகிறேன். சேவல் மட்டும் கிடையாது. அதற்காகத் தை வரைக்கும் என்றீர்களானால், நான் பல்லடம் வந்து உங்கள் பண்ணைக் கேட்டில் உட்கார்ந்துவிடுவேன். விடுப்பு எழுதிக் கொடுத்தாகிவிட்டது. வீடு காலியாக இருக்கிறது மாமா. அம்மாவுக்காவது பேச ஆள் கிடைத்துவிட்டது.

அத்தைக்கு என் வணக்கம். காவ்யாவிடம் அவள் மறந்துவிட்டுப் போன சீப்பு பத்திரமாக இருக்கிறது என்று சொல்லுங்கள். தங்கள் ஆசி என்றும் எங்கள் மேல் இருக்கட்டும். அம்மா உங்கள் எல்லோரையும் கேட்டதாக எழுதச் சொன்னார். அப்பாவும் கேட்டதாக எழுதச் சொன்னார்.

இப்படிக்கு,
தங்கள் மருமகன்
முகுந்த்

பி.கு.: கடிதத்தை ஒட்டிவிட்டுச் செருப்பைப் போடும்போது அம்மா கூப்பிட்டார். பிரித்து எழுதுகிறேன். பேப்பர் கட்டின் மேல் ஒரு முட்டை. சூடாக. பக்கத்தில் அப்பா நின்று கொக்கரித்துக்கொண்டிருந்தார். மேற்படி சேவல் சேவல் இல்லை மாமா. மூன்று சதவீதம் இங்கேதான் இருந்திருக்கிறது. பத்து மணிக் கூவலும் முட்டையிடப்போகும் பெட்டையின் கொக்கரிப்புதான் போலிருக்கிறது. அம்மா உடைந்துபோவார் என்று தண்ணீர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு ஓடினேன். அம்மா முட்டையைப் பார்த்தார், கோழியைப் பார்த்தார். “அதானே பார்த்தேன்” என்றார். “என்னைய ஒரு வார்த்தை கேக்காம வடையில கை வெச்சப்பவே நினைச்சிருக்கோணும். இது உன்ற அப்பன் இல்லடா. என்ற மாமியா.”

அப்பா என்று நினைத்து அவ்வளவு பேசினாயே அம்மா என்றேன். “பேசுனது ஒண்ணும் வீண் போகாது. நான் சொன்னதை ஒண்ணு உடாம மகன்கிட்டப் போய் வத்தி வெக்கலீன்னா அவிகளுக்கு என்னிக்குத் தூக்கம் வந்திருக்குது? இந்நேரம் அவருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்” என்றார்.

ஆகவே மேலே எழுதியதை ரத்து செய்யவும். சேவல் என்று கேட்டீர்கள், குழம்புக்குப் பெட்டைதான் இருக்கிறது. எலும்பும் சதையும் உங்கள் இனம்தான், மறுப்பு இருந்தால் உடனே தெரிவிக்கவும். காவ்யாவோடு வாருங்கள். அது ஷ்ராவண் மாதமாயிற்றே, ஷிந்தே வீட்டில் கறி வாசனை ஆகாதே என்று ஒரு சிக்கல் இருந்தது. ஷிந்தேவின் மனைவியிடம் போய், வந்திருப்பது என் அப்பா இல்லை, அம்மாவின் மாமியார் என்று மட்டும் சொன்னேன். அவர் உடனே புரிந்துகொண்டார். அன்றைக்கு மாடி ஜன்னல்களைச் சாத்திக்கொள்கிறேன் என்றார்.

இப்போதே அடித்துவிடலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். அடுக்களைப் படியில் உட்கார்ந்து, அதைக் கழுத்தோடு பிடித்து எதிரே நிறுத்திக்கொண்டே சொன்னார்: “என்ன அவசரம்? ஆடி முடிய இன்னும் நாள் கிடக்குதல்ல? நான் சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லிப்போடறேன். அப்புறமா மொளகு வறுக்கலாம்.”